மூன்றாம் ராம்செஸைச் சாய்த்தது உட்பகையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நமக்குக் கொடுத்த தலைப்பு, "எகிப்தின் மூன்றாம் ராம்செஸ் ஆட்சியைச் சாய்த்தது வெளிப்பகையா, உட்பகையா?" நான் உட்பகை அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கடலிலிருந்து வந்த படையெடுப்பு, லிபியர்களின் தொல்லை, வடகிழக்கே எகிப்தின் பிடியில் இருந்து கை நழுவிப்போன கானான் நாடு என்று அடுக்கிவிட்டு, இத்தனை அடி வாங்கிய ஒரு நாடு எப்படி நிமிர்ந்து நிற்கும் என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அந்த அடிகள் எந்த ஆண்டில் விழுந்தன என்று அவர் சொல்லவே இல்லை, அதை நான் சொல்கிறேன்.

மூன்றாம் ராம்செஸ் ஏறக்குறைய கி.மு. 1186 முதல் 1155 வரை, 31 ஆண்டுகள் ஆண்டவர். ஐந்தாம் ஆண்டில் லிபியர்களோடு போர். எட்டாம் ஆண்டில் கடல்மக்கள், அதாவது கடலிலிருந்து படையெடுத்து வந்த பல இனக் கூட்டம். 11ஆம் ஆண்டில் மறுபடியும் லிபியர்கள், இந்த முறை மெஷ்வெஷ் கூட்டம். மூன்றிலும் ஜெயித்தது எகிப்துதான். அதிலும் அந்த எட்டாம் ஆண்டுப் போர் சாதாரணமானது இல்லை. இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் பேரரசு காணாமல் போயிருந்தது, இன்றைய சிரியக் கரையில் இருந்த உகாரிட் துறைமுகம் எரிந்து சாம்பலாகியிருந்தது, "அவர்கள் ஆயுதத்தின் முன் எந்த நாடும் நிற்கவில்லை" என்று ராம்செஸே தான் கட்டிய மதீனத் ஹாபு கோயில் சுவரில் பொறித்து வைத்திருக்கிறார், அப்படிப்பட்ட கூட்டம் பெண்டு பிள்ளைகளோடும் மாட்டு வண்டிகளோடும் தரை வழியாக ஒரு பக்கமும் கப்பல்களில் இன்னொரு பக்கமுமாக வந்தபோது, நைல் முகத்துவாரத்தில் மறித்து நிறுத்திய ஒரே அரசு எகிப்து. அந்தக் கடற்போரின் சிற்பம் இன்னும் அந்தக் கோயிலின் வடக்குச் சுவரில் இருக்கிறது. கவிழ்ந்த கப்பல், தண்ணீரில் தலைகீழாக விழும் வீரர்கள், கரையிலிருந்து அம்பு விடும் அரசர்.

சரி, 11ஆம் ஆண்டுக்கு அப்புறம் என்ன? இருபது ஆண்டுகளுக்குப் பெரிய போர் எதுவும் பதிவில் இல்லை. இடையில் அவர் தூரத்துப் புண்ட் நாட்டுக்குக் கப்பல் அனுப்பி வாசனைப் பிசின் கொண்டுவரச் செய்திருக்கிறார், திம்னா சுரங்கங்களில் செம்பு தோண்ட ஆள் அனுப்பியிருக்கிறார், எகிப்தின் பெண்கள் விரும்பிய இடத்துக்கு யார் தொல்லையும் இல்லாமல் நடந்து போகும்படி நாட்டை வைத்திருந்தேன் என்று பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் ஆன ஒரு பெரிய சுருளில் அவர் பெயரால் எழுதியும் வைத்திருக்கிறார்கள். வெளிப்பகையால் நொறுங்கிப்போன அரசர் இப்படியா பேசுவார்? எதிரணி நண்பர்களே, உங்கள் பகைவன் 11ஆம் ஆண்டிலேயே தோற்றுவிட்டான். அரசர் செத்தது 31ஆம் ஆண்டு கடந்த பிறகு. நடுவில் இருக்கும் இருபது ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது?

நான் சொல்கிறேன், அரசவை பதில் சொல்ல வேண்டும்.

முதலில் 29ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கி.மு. 1157 வாக்கில். தெற்கு எகிப்தில் இருந்த தீப்ஸ் நகரத்துக்கு மேற்கே, நைலின் அக்கரையில், இன்று தெய்ர் எல் மதீனா என்று சொல்லப்படும் ஒரு சின்னக் கிராமம், 70 வீடுகள் அளவுக்குத்தான் இருக்கும். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து, சுண்ணம் பூசி, ஓவியம் தீட்டும் கைவினைஞர்கள் அங்கே குடியிருந்தார்கள். தண்ணீர் கிடையாது, வயல் கிடையாது, எல்லாம் அரசாங்கம் அனுப்ப வேண்டும். காசு என்பது இல்லாத காலம், கூலி என்றால் தானியம்தான். ஒரு தொழிலாளிக்கு மாதம் 5½ மூட்டை, அதில் 4 மூட்டை ரொட்டிக்கான எம்மர் கோதுமை, 1½ மூட்டை பீர் காய்ச்சுவதற்கான பார்லி. இந்தக் கூலி வரவில்லை. அந்தக் கிராமத்து எழுத்தர் அமென்நக்த் நாள்வாரியாகக் குறித்து வைத்த சுருள் இன்று இத்தாலியில் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "நாங்கள் பசியோடு இருக்கிறோம், மாதத்தில் 18 நாள் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டே தொழிலாளர்கள் காவல் சுவர்களைத் தாண்டி வெளியே வந்து, மூன்றாம் துட்மோஸின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான வேலை நிறுத்தங்களில் உலகத்திலேயே பழையது இதுதான்.

அங்கேயிருந்து இரண்டாம் ராம்செஸின் கோயில் வளாகத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே அவர்கள் பேசியதை நான் படிக்கிறபோதெல்லாம் மனது கனத்துப்போகிறது. பசியாலும் தாகத்தாலும் இங்கே வந்தோம், உடுக்கத் துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, நம் நல்ல அரசருக்கு ஆள் அனுப்புங்கள், மேலே இருக்கும் அமைச்சருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்கிறார்கள். அரசரை அவர்கள் வையவில்லை, நல்லவர் என்றுதான் சொல்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் அவர்களுக்குப் பிரச்சினை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார், அது வறட்சிக் காலம், கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி முழுக்கவே விளைச்சல் கெட்டிருந்தது, களஞ்சியத்தில் இல்லாததை அரசவை எப்படிக் கொடுக்கும் என்று. கேட்க நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அந்தச் சுருளிலேயே பதில் இருக்கிறது, நடுவர் அவர்களே. காவல் தலைவர் மென்ட்மோஸ் தொழிலாளர் பக்கம் சாய்ந்து, வீட்டுக்குப் போங்கள், கருவிகளை எடுத்துக் கதவைப் பூட்டுங்கள், மனைவி பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், முதலாம் செட்டியின் கோயிலுக்கு நானே முன்னால் நடக்கிறேன் என்கிறார். பாதுகாக்க வந்த அதிகாரியே இப்படிச் சொல்கிற அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. விளைவு? போராட்டம் முற்றியதும் போன மாதத்துப் பாக்கிக் கூலி அளந்து கொடுக்கப்பட்டுவிட்டது. இன்னொரு நாள் தீப்ஸ் நகரத் தலைவர் 50 மூட்டை தானியம் தருகிறார். தானியமே இல்லை என்றால் கூட்டம் கூடியதும் மூட்டை எங்கிருந்து வந்தது? அது இருந்தது. இவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கே இருந்தது என்றும் சொல்கிறேன். நான் முன்னே சொன்ன பெரிய பாப்பிரஸ் சுருள் இருக்கிறதே, 40 மீட்டருக்கும் மேல் நீளம், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் கோயில்களுக்குக் கொடுத்த கொடைகள் பட்டியலாக வருகின்றன. தீப்ஸ் நகரத்தில் ஆமுன் என்ற பெருந்தெய்வத்தின் கோயில் நிர்வாகத்துக்கு மட்டும் 86,486 ஆட்கள். மாடுகள் லட்சக்கணக்கில். தோட்டங்கள், கப்பல்கள், ஊர்கள் எல்லாம் தனி. 86,486 பேரை வைத்து வேலை வாங்கும் நிர்வாகம் ஆற்றின் ஒரு கரையில், 70 வீடுகளுக்கு ரொட்டி இல்லை என்பது மறு கரையில்! இதைக் கடல்மக்கள் வந்தா செய்தார்கள்?

தலைமை அமைச்சர் டோ அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அரசரின் 30ஆம் ஆண்டு விழாவுக்காகத் தெற்கே போய்த் தெய்வத் திருமேனிகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். கிராமத்து வழியாகத்தான் போகிறார், இறங்கி வரவில்லை. நான் வராமல் இருந்தது உங்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாததால்தானா என்று ஆள் மூலம் கேட்டு அனுப்புகிறார், களஞ்சியத்திலேயே இல்லாவிட்டாலும் கிடைத்ததைத் தருகிறேன் என்கிறார், கடைசியில் வந்தது அரைக்கூலி. விழா தவறவில்லை, கூலி மட்டும் தவறியது.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறு ஓர் இடம். சில வாரங்கள் கழித்து மறுபடி சுவர் தாண்டிப் போன தொழிலாளர்களை அதிகாரிகள் திரும்பக் கூப்பிட்டபோது, பசிக்காக மட்டும் நாங்கள் வெளியே வரவில்லை, பெரிய குற்றச்சாட்டு இருக்கிறது, அரசருடைய இந்த இடத்தில் தீமை நடந்திருக்கிறது என்று பதில் சொல்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், வயிறு காய்ந்த ஒரு கல்தச்சன், பகைவன் எங்கே இருக்கிறான் என்று விரல் நீட்டிக் காட்டிவிட்டான். அவன் வடக்கே கடலைக் காட்டவில்லை.

அப்புறம் அந்தப்புரம். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. தியே என்று ஒரு ராணி, பட்டத்துக்கு வரிசையில் இல்லாத தன் மகனை அரியணையில் ஏற்ற ஆசைப்பட்டார். மகனை, பின்னால் நடந்த விசாரணையைப் பதிந்த வழக்குச் சுருள் பென்டாவெர் என்று குறிக்கிறது, அது அவனுடைய உண்மைப் பெயர் இல்லை, உண்மைப் பெயரே வாழக்கூடாது என்று மாற்றி எழுதினார்கள். இது ஒரு பெண் தனியாகச் செய்த காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அரசரின் அறைப் பொறுப்பாளர் பெபெக்கமன், அந்தப்புரப் பெண்களின் சேதியை வெளியே இருந்த தாய்மாருக்கும் சகோதரர்களுக்கும் கொண்டு போகிறார், ஆளைத் திரட்டுங்கள், பகையை மூட்டுங்கள் என்பது சேதி. அந்தப்புரத்து அதிகாரிகள், அரசருக்குப் பானம் கொடுக்கும் பணியாளர்கள், கருவூல மேற்பார்வையாளர், படைத் தலைவர் பேயிஸ், வாயிற்காவலர்களின் மனைவிமார் ஆறு பேர், எல்லோரும் இதில் இருந்தார்கள். எகிப்துக்குத் தெற்கே உள்ள குஷ் நாட்டில் வில்படைக்குத் தலைவராக இருந்தவருக்கு அந்தப்புரத்திலிருந்த அவருடைய சகோதரியே கடிதம் எழுதிக் கிளர்ச்சி செய்யச் சொல்லியிருக்கிறார். அரச நூலகத்து மந்திரச் சுருள் வெளியே போகிறது, காவலைக் கட்டிப்போட மெழுகில் மனித உருவங்கள் செய்து உள்ளே கடத்துகிறார்கள். அரசருக்குச் சோறு போட்டவன், கதவு திறந்தவன், கணக்கு எழுதியவன் என்று யாரைச் சுட்டினாலும் அவன் கை அதில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் இனினி என்று ஒரு லிபியன் இருக்கிறானே, இது வெளிப்பகை இல்லையா என்று எதிரணி அடுத்த சுற்றில் கேட்கலாம். கேளுங்கள். அவன் லிபியப் படையோடு வந்தவன் இல்லை, அரசரின் சொந்தப் பணியாளன். அவனை உள்ளே வைத்திருந்தது அரண்மனை.

அரசருக்கு என்ன ஆனது என்பது வெகு காலம் வாதமாகவே இருந்தது. அவருடைய உடல் 1881இல் தெய்ர் எல் பாஹ்ரி மறைவிடத்தில் மற்ற அரசர்களோடு கிடைத்தது, 1886இல் துணி பிரித்துப் பார்த்தார்கள், ஆனால் கழுத்தைச் சுற்றியிருந்த கட்டு அப்படியே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. 2012இல் சி.டி. ஸ்கேன் முடிவு வெளியானபோது கேள்விக்கு இடமில்லாமல் போனது. தொண்டையில் எலும்பு வரை போன வெட்டு. மூச்சுக்குழாய், உணவுக்குழாய், ரத்தக்குழாய்கள் எல்லாம் அறுந்திருந்தன. காயத்துக்குள் ஹோரஸ் தெய்வத்தின் கண் வடிவத்தில் ஒரு சிறு தாயத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள், மறு உலகத்திலாவது அது ஆறட்டும் என்று. பின்னால் செய்த ஆய்வில் இடது காலின் பெருவிரலும் வெட்டப்பட்டிருந்தது தெரிந்தது, அதனால் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தாக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். கடல் படையையே கரையில் நிறுத்திய மனிதர், தன் ஆட்களுக்கு நடுவில் இப்படிச் செத்தார்.

சதிதான் தோற்றுவிட்டதே, பட்டம் முறையான வாரிசான நான்காம் ராம்செஸுக்குத்தானே போனது, அப்புறம் எப்படி உட்பகை சாய்த்தது என்று எதிரணித் தலைவரே முன்கூட்டிக் கேட்டுவிட்டார். விசாரணை எப்படி நடந்தது என்று பாருங்கள், ஐயா. 12 அதிகாரிகளை நீதிபதிகளாக வைத்தார்கள். அவர்களில் மூன்று பேர், குற்றம் சாட்டப்பட்ட பெண்களோடும் அந்தப் படைத் தலைவன் பேயிஸோடும் உட்கார்ந்து குடித்துக் கும்மாளம் போட்டார்கள் என்று அதே வழக்குச் சுருள் சொல்கிறது! இரண்டு நீதிபதிகளுக்கு மூக்கும் காதும் அறுக்கப்பட்டன, அதில் ஒருவர் பிறகு தற்கொலை செய்துகொண்டார், மூன்றாமவர் கண்டிப்போடு தப்பினார். அரசரையே கொன்ற வழக்கில், தண்டனை என்னவென்று தெரிந்திருந்தும், நீதிபதியை வளைக்க முடிகிறது. சதி தோற்றிருக்கலாம். சதியை வளர்த்த அந்த அரசவை தோற்கவில்லை, அடுத்த அரசருக்கும் அதே அரசவைதான்.

அதனால்தான் அடுத்த ஏறக்குறைய 80 ஆண்டுகளில் ராம்செஸ் என்ற பெயரோடு எட்டு அரசர்கள் வந்தும் யாராலும் நிமிர்த்த முடியவில்லை. ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில் கல்தச்சர்களே பழைய அரசர்களின் கல்லறைகளை உடைத்துத் தங்கத்தைப் பங்கு போட்டார்கள், அதைப் பற்றிய விசாரணையில் தீப்ஸின் கிழக்குக் கரைத் தலைவரும் மேற்குக் கரைத் தலைவரும் ஒருவரையொருவர் மாட்டிவிடப் பார்த்தார்கள். பதினோராம் ராம்செஸ் முடிவதற்குள் தெற்கே ஆமுன் கோயிலின் தலைமைப் பூசாரி ஹெரிஹோர் தீப்ஸின் கார்னாக் கோயில் சுவரில் தன் பெயரை அரசருக்குரிய வளையத்துக்குள்ளேயே பொறித்துக்கொண்டார். அவர் படகேறி வந்து எகிப்தைப் பிடித்தவர் இல்லை, நடுவர் அவர்களே, கொடைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அதே கோயிலின் ஆள்.

எதிரணியிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. 11ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்த அரசரைத் தோற்கடித்த வெளிநாட்டுப் படை ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள், எந்த ஆண்டு, எந்த இடம் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் தீர்ப்பை எங்கள் பக்கம் தருமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.