ஏறுவது இருக்கட்டும், இறங்கப் பழகுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இமயமலைக்கு மலையேற்றம் போக ஆசைப்படும் பிள்ளைகள் வடசென்னையில் இப்போது நிறையப் பேர். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கிருந்தோ தேடி வந்து, “அண்ணா, எப்படித் தயாராவது?” என்று கேட்பார்கள். ஏறுவது இருக்கட்டும், முதலில் இறங்கப் பழகுங்கள் என்பேன்.

நம் பக்கம் மேடே கிடையாது. ஆனால் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. ரயில் நிலைய நடைமேம்பாலம் போதும், ஹவுசிங் போர்டு மாடிப்படி போதும். முதுகுப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு வையுங்கள், எட்டுக் கிலோ. ஏறுவது உங்கள் வசதிப்படி. இறங்கும்போது மட்டும் பாதம் தொப்பென்று விழாமல், ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்குங்கள். தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கும் வேலை அது. மறுநாள் உட்கார்ந்து எழுந்திருக்கவே வலிக்கும். விடாமல் செய்தால் இரண்டு வாரத்தில் அதே படி அவ்வளவு வலிக்காது. அந்த வலி முதன்முதலாக மலையில் வரக் கூடாது. அப்புறம் ஒரு நாள் மாதவரத்தில் பஸ் ஏறித் திருப்பதி போய், அலிபிரியில் 3,550 படி ஏறுங்கள். ஏறியவர்கள் பலர் பஸ்ஸில் இறங்குவார்கள். நீங்கள் நடந்தே இறங்குங்கள்.

காசிமேட்டுத் தம்பி ஒருவர் எங்களோடு வந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிப் பழகிய உடம்பு. 3,600 மீட்டரில் இருந்த முகாமுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். சாயங்காலம் தலைவலி என்றார். ராத்திரி சாப்பாடு வேண்டாம், “தூங்கினா சரியாயிடும்ணா” என்றார். வழிகாட்டி விடவில்லை. எழுப்பி நிற்கவைத்து, ஒரு காலின் விரலோடு மறுகாலின் குதிகால் ஒட்டும்படி நேராக நடக்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் எல்லோரும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாவது அடியில் தம்பி பக்கவாட்டில் சாய்ந்தார். அதற்குமேல் பேச்சே இல்லை. அந்த இருட்டிலேயே இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினோம். விடிந்தபோது தலைவலி குறைந்திருந்தது, “சோறு இருக்கா?” என்றார். அப்படியே டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

அவ்வளவு வலு இருந்தும் ஏன் என்று கேட்பீர்கள். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே குறையும். அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும்; பலசாலி என்பதால் உயரம் விட்டுவிடாது. 3,000 மீட்டருக்கு மேல், ராத்திரி படுக்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்குங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே போகாதீர்கள். தள்ளாட்டம் வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், மறுபடி சொல்கிறேன், இறங்குங்கள். ராத்திரியானாலும் இறங்குங்கள். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி இங்கேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மாத்திரை இருக்கிறதே என்று ஏறிக்கொண்டே போகாதீர்கள்.

நேரம் முடியப்போகிறது, பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷூவை இங்கேயே போட்டு நடந்து பழக்குங்கள். பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் குளிரில் லேசில் காயாது. திரும்பும் ரயிலுக்கு, மலை இறங்கும் நாளிலிருந்து இரண்டு நாள் தள்ளி டிக்கெட் போடுங்கள். நாளைக்கு ரயில் என்கிற அவசரத்தில்தான் பலர் தலைவலியோடு ஏறுகிறார்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். படிக்கட்டுப் பயிற்சியையும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். வணக்கம்.