பழைய அறுவடை இயந்திரமும் பின்னால் சிந்தும் நெல்லும்

உழவர் பெருமக்களுக்கு என் வணக்கம். சோழவந்தான் பக்கம் பெரியாறு வைகைப் பாசனத்தில் நெல் பயிரிடுகிற நான், வேறு மாவட்டத்தில் பல போகம் ஓடிய பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் நகரும் நெல் அறுவடை இயந்திரம்) ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். நம் களிமண் வயலில், தண்ணீரை வடித்துப் பத்து நாள் ஆன பிறகும் டயர் வண்டி புதைந்துகொள்ளும் இடங்கள் உண்டு என்பதால், பழையதானாலும் பெல்ட் வண்டிதான் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

வாங்கிய முதல் தைப் பருவத்திலேயே, கனத்த பயிருக்குள் போனதும் வண்டி திணறியது. எஞ்சின் வலுவிழந்துவிட்டது என்று ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி, டீசல் பம்பைக் கழற்றிப் பழுது பார்த்தோம். பணம் போனதே தவிர, திணறல் போகவில்லை. உண்மையில், கதிரடிக்கும் டிரம்முக்குச் சக்தி கொடுக்கும் பெல்ட் தேய்ந்து, சுமை ஏறும்போது வழுக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் முழு வேகத்தில் உறுமினாலும் டிரம்மின் வேகம் குறைந்து, நெல் கதிரை விட்டு முழுதும் உதிராமல் வைக்கோலோடு வெளியே போயிற்று. பெல்ட்டை மாற்றி, தேய்ந்த டிரம் பற்களையும் புதுப்பித்த பின்பே வண்டி சரியாக நடந்தது. பழைய வண்டிக்குச் செலவழிக்கும்போது, வர்ணத்துக்கும் இருக்கைக்கும் முன்னதாக, நெல்லைத் தொடுகிற உறுப்புகளை, அதாவது அறுக்கும் பிளேடு, டிரம் பல், அதன் கீழுள்ள கம்பி வலை, சல்லடை, காற்றாடி ஆகியவற்றைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது அந்த அனுபவத்தால்தான்.

எவ்வளவு நெல் வீணாகிறது என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து அறிய முடியாது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்றைக் கயிற்றால் செய்துகொண்டு, வண்டி அறுத்துப் போன தடத்தில் போட்டு, வைக்கோலை உதறி எடுத்துவிட்டு, தரையில் கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். அறுக்காத பயிருக்கடியில் தானாக உதிர்ந்து கிடக்கும் மணிகளையும் எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மணி ஏறக்குறைய 20 கிராம் இருக்கும் ரகத்தில், சதுர மீட்டருக்கு 100 மணி என்றால், ஏக்கருக்கு 8 கிலோ போகிறது. 500 மணி என்றால் 40 கிலோ, அதாவது கொள்முதல் நிலையத்துச் சாக்கில் ஒரு மூடை. ஆனால் வண்டி அறுக்கும் அகலத்தைவிடக் குறுகலாக வைக்கோல் விழும் என்பதால், அந்தக் குவியலில் மட்டும் எண்ணினால் கணக்கு மிகையாகிவிடும். தடத்தின் முழு அகலத்திலும் நான்கைந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும்.

கீழே கிடப்பது தனி மணியா, கதிரோடு ஒட்டிய மணியா என்று பார்த்தால் குறை எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கதிரோடு ஒட்டியிருந்தால் டிரம் போதிய அளவு அடிக்கவில்லை; முற்றிய மணி தனியாகக் கிடந்தால் பதரை ஊதும் காற்றாடியின் காற்று மிகுதி, அல்லது சல்லடை அடைத்திருக்கிறது. கதிரில் மணி ஒட்டியிருக்கிறதே என்று டிரம் வேகத்தைக் கண்டபடி ஏற்றினால் தொட்டியில் உடைந்த நெல் கூடும், ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். மார்கழி, தை மாதங்களில் பனி காயுமுன் வண்டியை இறக்குவதும் வீண். ஈர வைக்கோல் டிரம்மில் சுற்றிக்கொள்ளும், நெல்லின் ஈரப்பதமும் கொள்முதலுக்குரிய 17 சதவீதத்தைத் தாண்டி நிற்கும்.

இதில் எனக்குத் தீராத குறை வைக்கோல்தான். பல்லில் அடிபட்டு நைந்து வருவதை எங்கள் வீட்டுப் பசு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. அதற்கென்று அரை ஏக்கரை இன்றும் ஆள் வைத்துத்தான் அறுக்கிறேன்.

விதை நெல்லுக்கென ஒதுக்கிய வயலில் வண்டி இறங்குமுன், தொட்டி, நெல் ஏற்றும் குழாய், சல்லடைக்கு அடிப்பகுதி ஆகியவற்றைத் திறந்து, முந்தைய ரகத்தின் மணி ஒன்றும் தங்காதபடி காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பின்னும் முதலில் இறங்கும் இரண்டு மூடையை விதைக்கு வைக்காமல் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.