குளவி வேடத்தில் ஓர் ஈ

[காட்சி: பீச் (beech என்னும் ஐரோப்பியக் காட்டு மரம்; பழம் தரும் peach அல்ல) மரத்தின் அடித்தண்டு. மஞ்சள் பட்டை போட்ட பூச்சி ஒன்று ஊர்கிறது.]

கறுப்பு உடம்பு, மஞ்சள் பட்டை. பார்த்ததும் குளவி என்றுதான் தோன்றும். ஆனால் குளவிக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டே. கொட்டாது, கடிக்காது. கிரேன் ஃப்ளை என்கிற நெட்டைக்கால் ஈக்களின் குடும்பம் இது. பெயர் டெனோஃபோரா ஃப்ளாவியோலாட்டா. டெனோஃபோரா என்றால் கிரேக்கத்தில் சீப்பைச் சுமப்பது. ஆணின் உணர்கொம்பைப் பாருங்கள், பல் பல்லாக நிற்கிறது. 1794-இல் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் இதை முதன்முதலில் விவரித்தார்.

ஐரோப்பாவில் பல நாடுகளில் உண்டு. ஆனால் வரைபடத்தில் குறித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி விழும். ஏன்?

[காட்சி: தண்டின் குறுக்குவெட்டு.]

காரணம் இதன் புழு. மண்ணில் வேர் தின்னும் நெட்டைக்கால் ஈக்கள் நிறைய உண்டு. இது அந்த வகை இல்லை. பெரிய, வயதான மரத்தின் உள்ளே பூஞ்சை அரித்து இற்றுப்போன கட்டைதான் இதற்கு வீடு, அதுவே சாப்பாடு. பெரும்பாலும் பீச் மரம். வெளிவட்டம் உயிரோடிருந்து இலை விட்டுக்கொண்டிருக்கும்; நடுவில் ஈரமாக, கையால் பிய்த்தால் உதிர்கிற பதத்தில் கட்டை இருக்கும். இளமரத்துக்கு இந்த நிலை வருவது அபூர்வம். அதனால் காடு இருந்தால் மட்டும் போதாது, கிழட்டு மரம் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இது தெற்கே நியூ ஃபாரஸ்ட், வின்ட்சர் போன்ற இடங்களில் இருக்கிறது. இரண்டுமே அரசர்கள் வேட்டையாடிய காடுகள். நியூ ஃபாரஸ்ட்டை முதலாம் வில்லியம் 1079 வாக்கில் ஒதுக்கினார். மான் வேட்டைக்காகக் காத்த நிலத்தில் மரங்கள் மூப்படைய முடிந்தது. ஆளுயரத்துக்கு மேல் மரத்தின் தலையை வெட்டி, மறுபடி துளிர்க்க விடும் பழக்கமும் உதவியது. அப்படி வெட்டிய பீச் நெடுநாள் வாழும், வெட்டுக்காயம் வழியாக உள்ளே இற்றும் போகும்.

எனக்குக் கவலை தருவது மரங்களுக்கு நடுவே விழும் வயது இடைவெளிதான். இன்றைய கிழட்டு மரம் சாய்வதற்குள் அடுத்த மரம் உள்ளே இற்றிருக்க வேண்டும். இன்று நட்ட கன்று அதற்குள் தயாராகாது. அதனால் சில இடங்களில் நடுவயது மரங்களை வேண்டுமென்றே காயப்படுத்திப் பூஞ்சைக்கு வழி விடுகிறார்கள். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் சரியான வேலை. விழுந்த கட்டையை ‘சுத்தம்’ செய்யாமல் விடுவதும் அப்படித்தான்.

[காட்சி: பெண் ஈ வாலைத் தண்டின் விரிசலில் செருகுகிறது.]

இதைப் பார்க்க ஏற்ற மாதம் மே. வெயிலுள்ள நாளில் பழைய பீச் மரத்தடியில் பொறுமையாக நில்லுங்கள். இதோ, இந்தப் பெண் ஈ கூரான வால்நுனியால் தட்டித் தடவி, முட்டையிட மெத்தென்ற இடம் தேடுகிறது.