கழற்றும்போதுதான் கவனம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் மருத்துவர்கள், நடுவில் செவிலியர்கள், கடைசி வரிசையில் தூய்மைப் பணியாளர்களும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். மருத்துவமனைக்குள் தொற்று பரவாமல் தடுப்பது பற்றி நான் பேசப்போவது முதலில் கடைசி வரிசைக்கு. ஒரு நாளில் எல்லா வார்டுக்கும் போய்வருகிறவர்கள் நீங்கள்தான்.

ஒரு பயிற்சி வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இருபது வருட அனுபவம் உள்ள ஒரு சிஸ்டர். பாதுகாப்பு உடை முழுவதும் போட்டுக்கொண்டார். கையுறையிலும் அங்கியின் முன்பக்கத்திலும் ஒரு பசையைத் தடவினோம். சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, புறஊதா விளக்கில் மட்டும் ஒளிரும். பிறகு வழக்கம்போல உடையைக் கழற்றச் சொன்னோம். நிதானமாகத்தான் கழற்றினார், எங்கள் கண்ணுக்கு ஒரு தப்பும் படவில்லை. அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடித்தோம். வலது மணிக்கட்டில் ஒரு திட்டு. தாடைக்குக் கீழே விரல் பட்டதுபோல ஒரு கோடு. காதோரம், கண்ணாடியின் கம்பி படும் இடத்தில் ஒரு புள்ளி. அவர் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப தொட்டேன்னே தெரியலையே டாக்டர்" என்றார்.

அந்தப் பசைக்குப் பதில் வைரஸ் இருந்திருந்தால்? அன்றிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பயத்தோடு உள்ளே போகிறோம், அதனால் கவனமாகப் போகிறோம். வெளியே வரும்போது "அப்பாடா" என்று இருக்கிறது. தொற்று அந்த "அப்பாடா"வில்தான் ஒட்டிக்கொள்கிறது.

கழற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கையுறை, ஏனென்றால் அதிக அழுக்கு அதில்தான். கையைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து அங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே. மறுபடியும் கை. நோயாளி இருக்கும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு பாதுகாப்புக் கண்ணாடி, பின்பக்கமாகப் பிடித்து. முகக்கவசம் எல்லாவற்றுக்கும் கடைசி, வாரைப் பிடித்து மட்டும். முன்பக்கத்தைத் தொடவே கூடாது. முடிவில் இன்னொரு முறை கை. இதை மனப்பாடம் செய்தால் போதாது. ஆறு மணி நேரம் வியர்வையில் ஊறி, தாகத்தோடு வெளியே வருபவருக்கு மனப்பாடம் கைகொடுக்காது. எதிரில் ஒருவர் நின்று, "இப்போது கையுறை... இப்போது கை..." என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பார்க்க வேண்டும். கழற்றும் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் மாட்டுங்கள். நிர்வாகத்தினரும் வந்திருக்கிறீர்கள். அந்த உடையோடு வேலை பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள் என்று உங்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சோர்ந்துபோன கை தவறு செய்யும், அதற்கு அந்த ஆளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கையுறை போட்டிருந்தால் கை கழுவ வேண்டாம் என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பெரிய ஆபத்து. 2020இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கோவிட் வார்டில் கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை பரவியது. மருந்துக்கு எளிதில் அடங்காத பூஞ்சை அது. பரிசோதித்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் உடலில் இருந்தது. விசாரித்துப் பார்த்தால், ஊழியர்கள் அங்கிக்கு மேல் அங்கி, கையுறைக்கு மேல் கையுறை போட்டிருக்கிறார்கள். மேலடுக்கை மாற்றி, உள்ளடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு நோயாளிக்கு நோயாளி போயிருக்கிறார்கள். தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட உடுப்பே நோயாளிகளுக்கிடையே கிருமியைச் சுமந்திருக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு கையுறை. சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நோயாளியைத் தொட்டால் கழுவ எல்லோருக்கும் தெரியும். அவருடைய கட்டில் கம்பியையோ மானிட்டர் பொத்தானையோ தொட்ட பிறகு கழுவுவதுதான் மறந்துபோகிறது.

இனி காற்று. இதை இன்னும் பலர் நம்ப மறுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. 2003இல் சார்ஸ் என்ற கொரோனா வகைச் சுவாச நோய் வியட்நாமுக்கு வந்தபோது, ஹனோயில் முதல் நோயாளியைச் சேர்த்த மருத்துவமனையில் ஊழியர்கள் அடுத்தடுத்துப் படுத்தார்கள். இது சாதாரணக் காய்ச்சல் அல்ல என்று உலகத்துக்கு எச்சரிக்கை கொடுத்த கார்லோ ஊர்பானி என்ற மருத்துவரும் அந்த நோயிலேயே இறந்தார். பிறகு அதே நகரில் இன்னொரு மருத்துவமனையில் சார்ஸ் நோயாளிகளைச் சேர்த்தார்கள். பெரிய அறைகள், திறந்த ஜன்னல்கள். அங்கே ஊழியர் ஒருவருக்கும் தொற்றவில்லை. காற்றோட்டம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அங்கே போனவர்கள் நோயின் வேறு கட்டத்தில் இருந்திருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.

காற்றில் பரவும் நோய்க்கான தனி அறையில் மணிக்கு 12 முறையாவது காற்று முழுவதும் மாற வேண்டும், அந்தக் காற்று தாழ்வாரத்துக்கு வரக் கூடாது. எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மெல்லிய டிஷ்யூ காகிதத்தை மூடிய கதவின் அடி இடுக்கில், வெளிப்பக்கமாகப் பிடியுங்கள். காகிதம் அறைக்குள் இழுபட்டால் சரி. உங்கள் பக்கம் தள்ளினால், உள்ளே இருக்கும் காற்று தாழ்வாரத்துக்கு வருகிறது என்று அர்த்தம். தினமும் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். அப்படி ஓர் அறையே இல்லாத மருத்துவமனை என்றால், எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள், எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் வையுங்கள், கட்டில்களைத் தள்ளிப் போடுங்கள்.

கோவிட் காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே வாரத்தில் பலர் படுத்தார்கள். எல்லோரும் ஐசியூவைச் சந்தேகித்தோம். விசாரித்தபோது, அவர்கள் ஒன்றாக இருந்த இடம் ஊழியர் ஓய்வறை. ஜன்னல் இல்லை, ஏசி மட்டும். ஏழு பேர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவார்கள். நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் அரைமணி நேரம் பேசிச் சிரித்தது தப்பா? தப்பே இல்லை. அவர்களுக்குக் காற்றோட்டமான ஓர் இடம் கொடுக்காததுதான் எங்கள் தப்பு.

வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015இல் தென்கொரியாவில் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வகைச் சுவாச நோய் பரவியது. மேற்கு ஆசியாவிலிருந்து திரும்பிய ஒருவர், என்ன நோய் என்று தெரிவதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளுக்குப் போயிருந்தார். முடிவில் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறந்தார்கள். அதில் 80 பேருக்கு மேல், நெரிசலான ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே நோயாளியிடமிருந்து தொற்றியவர்கள். எனவே இருமலோடு வருபவருக்கு முகக்கவசமும் தனி வழியும் வாசலிலேயே கிடைக்க வேண்டும். சீட்டு வாங்க வரிசையில் நின்ற பிறகு பிரிப்பது, நனைந்த பிறகு குடை பிடிப்பதுபோல.

தரை, கட்டில், கதவுக் கைப்பிடி விஷயத்தில் சுருக்கமாக இரண்டு வார்த்தை. முதலில் அழுக்கைத் துடையுங்கள், பிறகு கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றிய ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச் திரவம், வீண். 5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஆசிடோடோ அமோனியா உள்ள திரவத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். ஆட்கள் மேல் மருந்து தெளிப்பதும் வார்டு முழுக்கப் புகை அடிப்பதும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. அந்த ஆளையும் நேரத்தையும் கட்டில் கம்பிகளைத் துடைக்கக் கொடுங்கள்.

ஒரு கோரிக்கை. காய்ச்சலோடு வேலைக்கு வரும் ஊழியரை "என்ன அர்ப்பணிப்பு!" என்று பாராட்டாதீர்கள், வீட்டுக்கு அனுப்புங்கள். சம்பளம் பிடிக்காமல் அனுப்புங்கள். நாள்கூலிக்கு வரும் தூய்மைப் பணியாளர் தொண்டைவலியை மறைக்கிறார் என்றால், அவர் மறைப்பது நோயை அல்ல, அடுப்பு எரியாமல் போகுமே என்ற பயத்தை. அந்தப் பயம் இருக்கும்வரை, வாசலில் எத்தனை தெர்மாமீட்டர் வைத்தாலும் உங்கள் கணக்கு பொய்க்கணக்குதான்.

பேச்சு போதும். பசையும் புறஊதா விளக்கும் கொண்டுவந்திருக்கிறேன், அங்கிகளும் இருக்கின்றன. அரங்க விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி வரிசையிலிருந்து இரண்டு பேர் மேடைக்கு வாருங்கள். தலைமை மருத்துவர் எதிரில் நின்று, ஒவ்வொரு படியாக உங்களுக்குச் சொல்வார்.