ஐன்ஸ்டைனையே சந்தேகிக்க வைத்த இரட்டை விண்மீன்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒரு இரட்டை விண்மீன், பெயர் டிஐ ஹெர்குலிஸ். வெறும் கண்ணுக்குத் தெரியாது. சின்னத் தொலைநோக்கி இருந்தால் போதும். சூரியனைப் போல ஐந்து மடங்கு நிறையுள்ள ஒன்றும் நாலரை மடங்கு உள்ள இன்னொன்றும் 10.55 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

நாம் இருக்கும் கோணத்திலிருந்து பார்த்தால், ஒரு சுற்றில் இரண்டு கிரகணம் நடக்கும், அதாவது ஒன்று மற்றதை மறைக்கும். பாதை வட்டமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே சம இடைவெளி வரவேண்டும், இல்லையா? இங்கே ஒரு கிரகணத்துக்கு எட்டு நாள் கழித்து அடுத்தது. அதற்கடுத்தது இரண்டரை நாளிலேயே வந்துவிடும். பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம் என்பதைக் கடிகாரத்தை வைத்தே சொல்லிவிடலாம். பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் மையப்பிறழ்ச்சி 0.49, நம் பூமிக்கு வெறும் 0.017. விண்மீன் நம்மை நோக்கி வந்தால் அதன் ஒளியின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் நகரும்; இந்த டாப்ளர் நகர்வு வேகத்தைத் தரும், அதிலிருந்து நிறை. கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதிலிருந்து ஆரம். இதுவரை தகராறே இல்லை.

அந்த நீள்வட்டமும் மெல்லத் திரும்பவேண்டும். புதனின் பாதை திரும்புவதில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் பங்கு நூற்றாண்டுக்கு 43 விநாடிக்கோணம் (ஒரு டிகிரியில் 3600 விநாடிக்கோணம்) என்று படித்திருப்பீர்கள். இங்கே அந்தப் பங்கு மட்டுமே நூற்றாண்டுக்கு 2 டிகிரிக்கு மேல்! விண்மீன்கள் ஈர்ப்பால் உருக்குலைவதும், சுழற்சியால் இடுப்பில் புடைப்பதும் சேர்ந்தால் 4 டிகிரியைத் தாண்டவேண்டும். கிரகண நேரங்களை அளந்தால் கிடைப்பதோ சுமார் 1 டிகிரி. 1985இல் கினன், மலோனி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த முரணை எழுதியபோது, ஈர்ப்புக் கோட்பாட்டையே மாற்றலாமா என்ற பேச்சுகூட நடந்துகொண்டிருந்தது.

அதே ஆண்டில் ஷகூரா என்ற சோவியத் ஆய்வாளர் சொன்னது வேறு. விண்மீன்களின் சுழல் அச்சு பாதைத் தளத்துக்குச் செங்குத்து என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோமே, அது படுத்துக் கிடந்தால்? அப்படியிருந்தால் இடுப்புப் புடைப்பு பாதையைப் பின்னோக்கித் திருப்பும், கணக்கு குறைந்துவிடும். கேட்டால் எளிதாக இருக்கிறது, ஆனால் அதைச் சோதிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது!

2009இல் ஆல்பிரெக்ட் குழு பிரான்சின் ஓத்-புரோவான்ஸ் ஆய்வகத்தில் கிரகணத்தின்போதே நிறமாலை எடுத்தது. சுழலும் விண்மீனின் ஒரு பாதி நம்மை நோக்கி வரும், மறுபாதி விலகிப் போகும். அச்சு நேராக இருந்தால் முன்னால் போகும் விண்மீன் முதலில் நம்மை நோக்கி வரும் பாதியை மறைக்கும், பிறகு மற்றதை. அதனால் கோடுகள் முதலில் சிவப்புப் பக்கம் விலகும், பின்பு நீலப் பக்கம். இங்கே அந்த வழக்கமான வடிவம் வரவில்லை. இரண்டு அச்சுகளும் 70 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வைக் கணக்கில் சேர்த்ததும் அளவீடும் பொதுச் சார்பியலும் ஒத்துப்போயின.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகன் ஷகூராதான். கோட்பாட்டைத் திருத்தத் தயாராக இருந்தவர்களுக்கு நடுவே, யாரும் அளந்தே பார்க்காத ஒரு கோணத்தை அவர் கைகாட்டினார்.