குடிக்கிற காயா, கடிக்கிற காயா? கடிக்கிற காய்தான்!

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் ஜூஸ் பிரியர்களே, எங்கள் அணித் தோழர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆரோக்கியத்துக்குத் தினமும் காய்கறியைச் சாறு பிழிந்து குடிப்பது நல்லதா, மென்று தின்பது நல்லதா? இதுதான் தலைப்பு. மென்று தின்பதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா மேடைக்கே ஒரு டம்ளர் பச்சைச் சாறு கொண்டுவந்து, ஒரே மூச்சில் குடித்துக் காட்டிவிட்டு, "பார்த்தீர்களா, அரைக் கிலோ காய் பத்தே வினாடியில் உள்ளே போய்விட்டது" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். என் கட்சிக்கு முதல் சாட்சி அவர்தானே! அரைக் கிலோ காய் பத்து வினாடியில் உள்ளே போகிறதே, அதுதானம்மா வழக்கு.

ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சிதான். ஜூஸர் வாங்கினேன், அதிகாலையில் எழுந்தேன், காரட் நறுக்கினேன். வீட்டில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த இயந்திரம் போடுகிற சத்தத்துக்கு என் மேல் எத்தனை சாபம் விழுந்திருக்கும் என்று கணக்கில்லை. குடிக்க ஒரு நிமிடம், கழுவக் கால் மணி நேரம். அந்தச் சல்லடையின் ஓட்டைகளில் ஆரஞ்சு நிறச் சக்கை அப்பிக்கொண்டு வராது; பழைய டூத்பிரஷ் ஒன்றை எடுத்துச் சுரண்டச் சுரண்டத்தான் வரும். ஒரு நாள் அப்படிச் சுரண்டி எடுத்த சக்கையைக் கையில் உருட்டிப் பார்த்தேன். பந்து மாதிரி ஒரு உருண்டை, ஈரம்கூட இல்லை. இதைக் குப்பையில் போடத்தான் இவ்வளவு பாடா என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அந்த உருண்டையில் என்ன இருந்தது? 100 கிராம் காரட்டில் கிட்டத்தட்ட 3 கிராம் நார்ச்சத்து உண்டு. சாறாக்கி வடிகட்டினால் 100 கிராமுக்கு 1 கிராம்கூடத் தேறாது. பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் அரைக் கிலோ காரட்டைத் தின்றிருந்தால் அன்றைய தேவையில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்திருக்கும். நான் அதைப் பிழிந்து, தண்ணீரையும் சர்க்கரையையும் நிறத்தையும் எனக்கு வைத்துக்கொண்டு, மீதியைக் குப்பைத் தொட்டிக்கு ஊட்டியிருக்கிறேன். நார் என்பது வெறும் மலச்சிக்கல் மருந்து என்று நினைக்காதீர்கள். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அதைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களைத்தான் குடலின் உள்சுவர்ச் செல்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன.

இங்கே எதிரணித் தம்பி ஒருவர் எழுந்து, "நாங்கள் வடிகட்டுவதில்லையே, மிக்ஸியில் அடித்து அப்படியே குடிக்கிறோம்" என்பார். சந்தோஷம் தம்பி, பாதித் தூரம் எங்கள் பக்கம் வந்துவிட்டீர்கள். மீதித் தூரத்துக்கு ஒரு பழைய பரிசோதனையைச் சொல்கிறேன். 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுதாக, கூழாக, நார் நீக்கிய சாறாக. மாவுச்சத்து, சர்க்கரை அளவு மூன்றிலும் ஒன்றுதான். முழு ஆப்பிளைத் தின்னும் வேகத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாற்றைக் குடிக்க முடிந்தது. சரி, வேகம்தான் காரணமோ என்று மூன்றையும் ஒரே வேகத்தில் உள்ளே போக வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் சாறு குடித்தவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவு, கூழுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, முழுப்பழத்துக்குத்தான் முதலிடம். இன்சுலினும் சாறுக்கும் கூழுக்கும் அதிகமாக ஏறியது. சாற்றுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கியது, முழுப்பழத்தில் அந்த இறக்கமே இல்லை. காலையில் ஜூஸ் குடித்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் பிஸ்கட் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது யாரோ என்னை ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல இருந்தது.

"அது ஆப்பிள், நாங்கள் பேசுவது காய்கறி" என்று அந்தப் பக்கம் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்விதான். காயில் சர்க்கரை குறைவு, வெள்ளரியிலும் கீரையிலும் மிகவும் குறைவு. ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், வெறும் கீரைச் சாறு எத்தனை பேரால் தினமும் இறங்கும்? இனிப்புக்கு ஒரு காரட், நிறத்துக்கு ஒரு பீட்ரூட், வாசனை போக ஒரு ஆப்பிள் என்று சேர்ந்துவிடுகிறதே! காரட் சாறு மட்டுமே ஒரு டம்ளரில் 9, 10 கிராம் சர்க்கரை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை காய்கறிச் சாற்றின் சர்க்கரையையும், நாம் காபியில் போடுகிற சர்க்கரையோடு ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஒரு நாளைக்குச் சாறு 150 மில்லிதான், அதற்கு மேல் எவ்வளவு குடித்தாலும் தினமும் சாப்பிட வேண்டிய ஐந்து பங்கு காய்கனியில் ஒரு பங்காகத்தான் கணக்கு என்கிறது அந்த நாட்டு வழிகாட்டுதல். லிட்டர் கணக்கில் குடித்தாலும் அதே ஒன்றுதான்!

அடுத்து எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். பீட்ரூட் சாறு ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று ஐயா ஒருவர் சொன்னார். உண்மை, மறுக்கமாட்டேன், ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று அவர் சொல்லவில்லை. பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட் என்ற உப்பு உடம்புக்குள் போய், ஒரு பகுதி எச்சிலோடு மறுபடி வாய்க்குத் திரும்பி வருகிறது. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதிலிருந்துதான் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. கிருமிகொல்லி மவுத்வாஷ் போட்டுக் கொப்புளித்தால் பலன் குறைந்துவிடுகிறது. கவனித்தீர்களா நடுவர் அவர்களே? ஐயாவின் பீட்ரூட் சாறுக்கே வேலை நடக்கிற இடம் வாய்தான்! அந்த நைட்ரேட் பீட்ரூட் துண்டிலும் இருக்கிறது, கீரையிலும் இருக்கிறது. வாய்க்கு வேலை கொடுங்கள் என்று நாங்கள் சொன்னால் மட்டும் பிற்போக்கா?

நாங்கள் சொல்வது வெறும் நாரைப் பற்றி இல்லை. வாய் என்பது வாசலில் நிற்கிற காவல்காரன். எவ்வளவு, எவ்வளவு வேகமாக, எது என்று மூன்றையும் அவன்தான் கேட்டு உள்ளே விடுகிறான். ஜூஸர் செய்கிற காரியம், அந்தக் காவல்காரனுக்குத் தெரியாமல் பின்வாசலைத் திறந்துவிடுவது.

எவ்வளவு என்பதற்குப் பசலைக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாக ஒரு கட்டுக் கீரையை யாராவது மென்று தின்பார்களா? தாடை ஒத்துக்கொள்ளாது. சாறாக்கினால் இரண்டு கட்டு ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். சிறுநீரகக் கல்லில் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட் கல்தான். கீரையை நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்தால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி வெளியேறிவிடும். பச்சையாகப் பிழிந்தால் கரைகிற ஆக்சலேட் எல்லாம் நேராக டம்ளருக்கு வந்துவிடும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் இப்படிப் பச்சைச் சாறு குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. ஏற்கெனவே சிறுநீரகத்தில் கோளாறு இருப்பவர்களுக்கு ஆக்சலேட்டோடு பொட்டாசியமும் சேர்ந்து ஏறும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கீரையின் வைட்டமின் கே திடீரென்று கூடினால் மருந்தின் கணக்கே மாறிப்போகும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

எது என்பதற்குச் சுரைக்காயும் வெள்ளரிக்காயும். இந்தக் குடும்பத்துக் காய் எப்போதாவது ஒன்று கடுமையாகக் கசக்கும். குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கிறது என்று அர்த்தம். வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம் சரிவது வரை கொண்டுபோகும். ஒரு துண்டைக் கடித்தவன் 'தூ' என்று துப்பிவிட்டுப் போய்விடுவான், ஆபத்து அங்கேயே முடிந்தது. ஜூஸ் குடிப்பவனோ எலுமிச்சை பிழிந்து, தேன் ஊற்றி, "கசப்பு உடம்புக்கு நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு முழு டம்ளரையும் காலி செய்வான். தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள், எந்த அணி ஜெயித்தாலும் சரி. சுரைக்காயோ வெள்ளரியோ, அரைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம், "சாறில் சத்து உடனே உடம்பில் சேரும், என்சைம்கள் உயிரோடு இருக்கும்" என்றார்கள். என்சைம் ஒரு புரதம். வயிறு அதையும் மற்றப் புரதம் போலத்தான் சீரணிக்கும், "ஐயோ, ஜூஸிலிருந்து வந்த என்சைமா, உட்காருங்கள்" என்று நாற்காலி போடாது. அரைக்கும்போது செல்கள் உடைவதால் காரட்டின் பீட்டா கரோட்டின், அதாவது உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் நிறப்பொருள், எளிதாகக் கிடைக்கும் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே உடைப்பை வேகவைத்தலும் பல்லும் செய்கின்றன. கரோட்டின் சேர்வதற்குக் கூடவே கொஞ்சம் எண்ணெய் வேண்டும், வெறும் வயிற்றில் வெறும் சாறு குடிக்கிறவரிடம் அது எங்கே இருக்கிறது? வைட்டமின் சி கதை இன்னும் வேடிக்கை. வெள்ளரியிலும் காரட்டிலும் வைட்டமின் சியைச் சிதைக்கிற ஒரு என்சைம் இருக்கிறது, அரைத்த உடனே அது அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் கொண்டாடுகிற என்சைம், நீங்கள் தேடுகிற வைட்டமினைத் தின்றுகொண்டிருக்கிறது!

காய் தொடாத குழந்தைக்கு ஜூஸ்தான் வழி என்றார் அந்த அம்மா. பெற்றவர்கள் படும் பாடு எனக்கும் தெரியும், அதனால் இதைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிப்புச் சேர்த்த சாறில் மறைத்துக் கொடுத்தால் அந்தக் குழந்தைக்குக் காரட் பழகுமா, இனிப்புப் பழகுமா? பல் இல்லாதவர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு மருத்துவர் சொன்னால் சாறோ கூழோ தாராளமாகக் கொடுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் முப்பத்திரண்டு பல்லையும் வைத்துக்கொண்டு எதிரணியில் உட்கார்ந்து சிரிக்கிறார்களே, அவர்களுக்கு என்ன வந்தது? 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்றுதான் நம் பெரியவர்கள் சொன்னார்கள், நொறுக்கிக் குடித்தால் என்று சொல்லவில்லை.

இதோ மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, அந்த அம்மா டம்ளர் கொண்டுவந்தார், நான் சட்டைப் பையில் ஒரு காரட் கொண்டுவந்திருக்கிறேன், கழுவியதுதான். இப்போது கடிக்கப் போகிறேன். இதை மென்று முடிக்க எனக்கு எப்படியும் நாலைந்து நிமிடம் ஆகும், அதற்குள் எதிரணியிலிருந்து அடுத்தவர் வந்து பேசிவிடட்டும். வாயில் காரட் இருக்கும்வரை நான் குறுக்கே பேச மாட்டேன்.