ஒரே ஒரு பைட்! உங்க புரோகிராமை நிறுத்துறது டீபக்கர் இல்லைங்க!

[திரையில்: எடிட்டரில் வரி எண் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி]

இந்தச் சிவப்புப் புள்ளியை, அதாவது பிரேக்பாயிண்டை, வைக்காத புரோகிராமர் இருக்க முடியாது. புள்ளியை வச்சா, கோடிக்கணக்கான கட்டளைகளைத் தாண்டி ஓடி வர்ற புரோகிராம் சரியா அந்த வரியில நின்னுடுது. நிறுத்துறது யாரு? பிழை தேட உதவுற டீபக்கர்ங்கிற கருவிதான்னு பல பேர் நினைக்கிறாங்க. ஆனா அந்த நொடியில டீபக்கர் தூங்கிக்கிட்டு இருக்கு. அதை எழுப்புறதே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல்தான்.

வணக்கம்! பலதுறைத் தொழிற்கல்லூரியிலயும் பல்கலைக்கழகத்துலயும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் படிக்கிற சிங்கப்பூர்த் தம்பி தங்கைகளே, இது உங்களுக்காகவே செஞ்ச வீடியோ. பின்னணி ஒரே வரிதான்: லினக்ஸ்ல டீபக்கர் கெர்னலோட பேசுறது 'பிடிரேஸ்'ங்கிற சிஸ்டம் கால் (கெர்னல்கிட்ட வேலை கேக்குற அழைப்பு) வழியா. அவ்வளவுதான், உள்ளே போயிடுவோம்.

[திரையில்: மெஷின் கோட் பைட்டுகள், ஒன்று மட்டும் சிவப்பாக மாறுகிறது]

இன்டெல், ஏஎம்டி சிப்ல நடக்கிறதைச் சொல்றேன். நீங்க குறிச்ச வரியோட மெஷின் கோட் தொடங்குற முதல் பைட்டை டீபக்கர் படிச்சுப் பத்திரப்படுத்திக்குது. அந்த இடத்துல 204-ங்கிற எண்ணை எழுதச் சொல்லி கெர்னல்கிட்ட கேக்குது. பதினறும எண்ல இது 'சிசி', கட்டளையோட பேர் 'இன்ட் 3'.

இது ஏன் ஒரே பைட்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்! மதியம் தேக்கா உணவங்காடிக்குப் போறீங்க. நாற்காலியில ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வச்சு 'சோப்' பண்றீங்க, அதாவது இடம் பிடிக்கிறீங்க. அது உங்க நாற்காலியை மட்டும்தான் பிடிக்கும், பக்கத்து நாற்காலியில வேற ஒருத்தர் தாராளமா உக்காரலாம். ஒரு பெரிய பையை ரெண்டு நாற்காலிக்கும் சேர்த்து வச்சா? அடுத்தவர் இடமும் போச்சு. இன்டெல் கட்டளைகள்ல ஒரே பைட் நீளமுள்ளதும் உண்டு. பிரேக்பாயிண்ட் ரெண்டு பைட்டா இருந்தா அடுத்த கட்டளையோட தலையையும் அழிச்சிடும். வேற எங்கிருந்தோ நேரா அந்த அடுத்த கட்டளைக்குத் தாவி வர்ற கோட் குப்பையை இயக்கும். அதனாலதான் இதுக்குன்னே ஒரு பைட்ல தனி கட்டளை வச்சாங்க. எவ்வளவு அழகான முடிவு பாருங்க!

இப்ப அதைவிடப் பெரிய சிக்கல். திரையில அச்சிடுற 'பிரிண்ட்எஃப்' ஃபங்ஷன்ல பிரேக்பாயிண்ட் வைக்கிறீங்க. அது இருக்கிற லைப்ரரியோட பக்கம் நினைவகத்துல ஒரே பிரதிதான், பல புரோகிராம்கள் அதைப் பகிர்ந்துக்குது. அதுல 204 விழுந்தா? டீபக்கரே இல்லாத புரோகிராம்கள் அதுல முட்டி, வரிசையா செத்து விழும்! அதனால கெர்னல் அந்த 4096 பைட் பக்கத்தை உங்க புரோகிராமுக்கு மட்டும் தனியா நகல் எடுத்து, நகல்லதான் எழுதுது. மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பிரேக்பாயிண்டுன்னா வெறும் ஒரு பைட் மாற்றம்னு பாடத்துல தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு அது வருத்தம். கெர்னலோட உழைப்பு முழுக்க இங்கதான் இருக்கு.

[திரையில்: சிபியு, கெர்னல், டீபக்கர் மூன்றுக்கும் இடையே அம்புக்குறிகள்]

சிபியு 204-ஐத் தொட்டதும் எக்ஸெப்ஷன் (சிபியு எழுப்புற அவசர அழைப்பு) எண் 3 கிளம்பி கெர்னலுக்குள்ள வருது. சொந்தமா கெர்னல் எழுதுறவங்க இங்க கவனிங்க: அந்த எக்ஸெப்ஷனுக்கான 3-ஆம் வாசலை யூசர் மோடுக்கு, அதாவது சாதாரண புரோகிராம்கள் ஓடுற நிலைக்கு, திறந்து வைக்கணும். இல்லேன்னா பிரேக்பாயிண்டுக்குப் பதிலா பாதுகாப்புப் பிழைதான் வரும். கெர்னல் 'சிக்டிராப்' சிக்னலை உண்டாக்கி, புரோகிராமை நிறுத்தி, டீபக்கரை எழுப்புது. அப்போ அடுத்து ஓட வேண்டிய கட்டளையோட முகவரி ஒரு பைட் தாண்டி நிக்கும், டீபக்கர் ஒண்ணைக் கழிச்சுக்கும்.

தொடர்றதுக்கு? பழைய பைட்டைத் திருப்பி வச்சு, ஒரு கட்டளை முடிஞ்சதும் நிறுத்துற டிராப் ஃபிளாக்கைப் போட்டு ஒரே ஒரு கட்டளையை ஓட்டி, மறுபடி 204. அந்த இடைவெளியில இன்னொரு திரெட் (அதே புரோகிராமுக்குள்ள கூடவே ஓடுற இன்னொரு ஓட்டம்) நழுவிடாம மத்த திரெட்களையும் நிறுத்தி வைக்கணும்.

கோடையே தொடாம நிறுத்தவும் வழி இருக்கு. 1985-ல வந்த 80386 சிப்லேர்ந்து நாலே நாலு முகவரிகளை வன்பொருளே கண்காணிக்கும். ஒரு மாறியில யார் எழுதுறாங்கன்னு கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த ஆயுதம் இல்லை. திரெட் மாறும்போதெல்லாம் கெர்னல் இந்த முகவரிகளை வச்சிருக்கிற சிபியு ரெஜிஸ்டர்களையும் மாத்தி வைக்கணும்.

இந்த வன்பொருள் கண்காணிப்பே 2018 மே மாசம் பெரிய பாதுகாப்பு ஓட்டையா வெடிச்சுது! ஸ்டாக் செக்மெண்ட்ங்கிற ரெஜிஸ்டரை மாத்துற கட்டளையில இந்தப் பொறி சிக்கினா, அடுத்த கட்டளை முடியற வரைக்கும் சிபியு எக்ஸெப்ஷனைத் தள்ளிப் போடும். அந்த அடுத்த கட்டளையே சிஸ்டம் காலா இருந்தா, எக்ஸெப்ஷன் கெர்னலோட முதல் கட்டளையிலயே வந்து விழும். விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் மூணுமே இதை எதிர்பார்க்காம எழுதப்பட்டிருந்தது, மூணுக்கும் திருத்தம் வந்துச்சு.

சரி, ஒரு வேலை தர்றேன். உங்க புரோகிராம் தன்னோட ஃபங்ஷனோட முதல் பைட்டைத் தானே படிச்சு அச்சிடட்டும். ஜிடிபிங்கிற டீபக்கர்ல அந்த ஃபங்ஷனோட முகவரிக்கு முன்னாடி நட்சத்திரக் குறி போட்டு பிரேக்பாயிண்ட் வச்சு ஒரு தடவை, வைக்காம ஒரு தடவை ஓட்டுங்க. ரெண்டு எண்ணையும் கமெண்ட்ல போடுங்க, நான் ஒவ்வொண்ணா படிக்கிறேன்!